இலவசமாகக் கிடைக்கிற அஞ்சலுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்ட தம்பிக்கு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் கடைசிவரை படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் கணக்கை மட்டுமாவது பாருங்கள்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் மின்னஞ்சல் சர்வருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு வேகம் வேண்டும் என்று தாங்களே திட்டமிட வேண்டும் என நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று: "சார், ஜிமெயில் இலவசமாகக் கிடைக்கும்போது கணக்கு எதற்கு? யாரோ கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" இன்னொன்று: "இடைநிலை ஆசிரியராக இருந்தவருக்கு சர்வர் பற்றி என்ன தெரியும்?"

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதற்கு வேண்டியது பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் சதவீதம். இவை மூன்றையும் வேலை பார்த்த காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாததைப் பற்றி எழுதவில்லை. தெரிந்த பெருக்கலை ஏன் போடவில்லை என்றுதான் கேட்கிறேன்.

முதல் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு இது தெரியும். காலையில் வருகைப்பதிவு முடிந்ததும் எத்தனை பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று சத்துணவுக் கூடத்துக்கு எண்ணிக்கை போகும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அரிசி அளப்பார்கள். அரிசி அரசாங்கம் கொடுப்பதுதான், இலவசம்தான். அதற்காக எண்ணாமல் உலை வைப்பார்களா? எண்ணாமல் வைத்தால் கடைசி வரிசைப் பிள்ளை வெறும் தட்டோடு நிற்கும். தட்டோடு நிற்பது எப்போதும் கடைசி வரிசைதான், முதல் வரிசை இல்லை. மின்னஞ்சலிலும் அப்படித்தான்.

இலவசம் வந்த கதையைப் பார்ப்போம். 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது ஆளுக்கு 1 ஜிபி என்றார்கள். அப்போது ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி, யாகூ 4 எம்பி. ஏப்ரல் முதல் தேதி அறிவித்ததால் முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். 2006இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 65,000 மாணவர்களின் அஞ்சலைக் கூகுளிடம் கொடுத்தது. அதன் பின் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் வரிசையில் நின்றன. நம் நாட்டுக் கல்லூரிகளும் நின்றன. அளவில்லாத இடம், காசில்லை. சொந்த சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவரை வேறு மேசைக்கு மாற்றினார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

2021 பிப்ரவரியில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது. இனி அளவில்லாத இடம் கிடையாது, ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டிபி, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2022 ஜூலையிலிருந்து இது நடைமுறை என்றது. அஞ்சல், கோப்பு, படம், வீடியோ எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள். 2024இல் மைக்ரோசாஃப்டும் கல்வி நிறுவனங்களுக்கு அதே 100 டிபி வழிக்கு வந்தது.

கூகுளைத் திட்ட இதை எழுதவில்லை. அது கடை. கடைக்காரர் தன் சரக்கின் விலையை மாற்றலாம். என் கோபம் வாங்கியவர்கள் மேல். 100 டிபி என்று சொன்ன அன்று, "எங்களுக்கு எவ்வளவு தேவை, இது போதுமா?" என்ற கேள்விக்கு அன்றே பதில் சொல்லும் நிலையில் எத்தனை பல்கலைக்கழகங்கள் இருந்தன? அளந்து வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு செய்தி. அளக்காதவர்களுக்கு அது ஓர் உத்தரவு.

வகுத்துப் பார்ப்போம். 20,000 பேர் உள்ள பல்கலைக்கழகம் என்றால் ஆளுக்கு 5 ஜிபி. இணைப்புக் கல்லூரிகளோடு 2 லட்சம் பேர் என்றால் ஆளுக்கு அரை ஜிபி. 4 லட்சம் பேர் என்றால் கால் ஜிபி. அதாவது 2004இல் ஒரு தனி மனிதருக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு. அதற்குள்தான் வகுப்பு வீடியோவும் இருக்க வேண்டும், ஆய்வேடும் இருக்க வேண்டும்.

சரி, உண்மையில் அஞ்சலுக்கு எவ்வளவு வேண்டும்? கரும்பலகையில் போடுகிற மாதிரி போடுகிறேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் நிறுவனத்து எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் 18,000. ஆசிரியர்களும் அலுவலர்களும் 2,000. மாணவருக்கு நாளுக்கு 20 அஞ்சல், மற்றவர்களுக்கு 60 என்று வைப்போம். 3,60,000 + 1,20,000 = 4,80,000. ஓர் அஞ்சலின் சராசரி எடை 75 கேபி என்றால் நாளுக்கு 36 ஜிபி. ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 9,000 ஜிபி, அதாவது 9 டிபி. பாதியை அழித்துவிடுவார்கள் என்றால் தங்குவது 4.5 டிபி.

ஆண்டுக்கு 20 சதவீதம் கூடும் என்று வைத்து ஐந்து ஆண்டுகளைக் கூட்டினால் ஏறக்குறைய 33.5 டிபி. டிஸ்க்கை முழுக்க நிரப்பக் கூடாது, கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். அப்படியானால் 45 டிபி. ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும், அதற்கு இரட்டிப்பு, 90 டிபி. வேறு ஊரில் ஒரு பேக்கப், இன்னொரு 45. மொத்தம் 135 டிபி. இன்று ஒரே ஹார்ட் டிஸ்க்கில் 20 டிபி கிடைக்கிறது. எண்ணிக்கைப்படி ஏழு டிஸ்க். 20,000 பேரின் ஐந்து ஆண்டு அஞ்சலும் அதன் காப்பு நகல்களும் ஒரு பீரோவின் ஒரு தட்டில் அடங்கும்.

"அவ்வளவுதானா, ஏழு டிஸ்க் வாங்கினால் முடிந்ததா?" என்றால், இல்லை. அங்கேதான் சறுக்குவார்கள். இடம் என்பது ஒரு கணக்கு. வேகம் என்பது வேறு கணக்கு.

கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் வாளி ஒன்றுதான் என்றால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பெரிய டிஸ்க்கால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு நூறு தடவை அளவுக்குத்தான் எடுத்துத் தர முடியும். அதன் கொள்ளளவு 2 டிபி ஆனாலும் 20 டிபி ஆனாலும் வேகம் ஏறக்குறைய அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அஞ்சல் பெட்டியைத் திறந்தால் ஏழு டிஸ்க் என்ன செய்யும்? ஆகவே புதிதாக வரும் அஞ்சலும், எந்த அஞ்சல் எங்கே என்ற அட்டவணையும் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். பழையது மெதுவான டிஸ்க்குக்குப் போகலாம். நினைவகமும் வேண்டும். ஆளுக்கு ஒரு போன், ஒரு கணினி என்றால் 40,000 இணைப்புகள் திறந்தபடியே இருக்கும். இணைப்புக்கு 2 எம்பி என்றாலும் 80 ஜிபி.

அடுத்தது உச்ச நேரம். சராசரியைப் பார்த்துத் திட்டம் போடுபவன் திருவிழாவுக்குப் பேருந்து விடத் தெரியாதவன். உலகில் ஓடும் அஞ்சலில் ஏறக்குறையப் பாதி குப்பை. அதையும் வாசலில் நிறுத்திச் சோதித்துத்தான் திருப்ப வேண்டும். ஆகவே 4,80,000 நல்ல அஞ்சலுக்கு வாசலில் விழும் தட்டு 9,60,000. நாள் முழுக்கப் பரப்பினால் நொடிக்கு 11. யாரும் பரப்பி அனுப்புவதில்லை. காலை 10 மணிக்கு அலுவலகம் திறந்ததும் ஐந்தில் ஒரு பங்கு ஒரே மணி நேரத்தில் வந்தால் நொடிக்கு 53. தேர்வு முடிவு நாளில் அது இரட்டிக்கும், நொடிக்கு நூறுக்கு மேல். 11க்குக் கட்டிய சர்வர் நூறுக்கு என்ன செய்யும்? காலையில் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் செயலியில் வருகைப்பதிவு ஏற்றிய அனுபவம் உள்ள ஆசிரியர்களுக்கு அந்தச் சுற்றும் வட்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கச் சுற்றறிக்கையை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, எல்லாருக்கும் அட்டாச்மென்ட் ஆக அனுப்புகிற நம் அலுவலகப் பழக்கம். அந்த ஸ்கேன் 3 எம்பி என்றால் அஞ்சலில் போகும்போது 4 எம்பி ஆகிவிடும். எழுத்துகள் மட்டுமே போகக்கூடிய பாதையாக அஞ்சல் தொடங்கியது. அதனால் படமோ கோப்போ போனால் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். 4 எம்பியை 20,000 பேருக்கு அனுப்பினால் 80 ஜிபி. மேலே போட்ட கணக்கில் இரண்டு நாள் அஞ்சலுக்கும் மேல். "நாளை விடுமுறை" என்ற இரண்டு சொல்லுக்காக! கோப்பை இணையதளத்தில் வைத்துவிட்டு அதன் இணைப்பை மட்டும் அனுப்பினால் ஒரு சில கேபியில் முடியும். ஒரே நகலை வைத்து எல்லாருக்கும் அதையே காட்டும் சர்வர் மென்பொருளும் உண்டு. திட்டமிடுவது என்றால் வாங்குவது மட்டும் இல்லை, பழக்கத்தைத் திருத்துவதும்தான். இலவசமாகக் கிடைத்ததால் அந்தப் பழக்கத்தை யாரும் திருத்தவில்லை.

"20,000 என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டீர்களே, அது மாறாதா?" என்று கேட்கலாம். மாறும். நம் விழுப்புரத்தையே பாருங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021இல் அதைப் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அதே ஆண்டு சட்டமன்றத்தில் இன்னொரு சட்டம் வந்து அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் போயின. அரசியல் சரி, தவறு என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு சட்டம் நிறைவேறிய நாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை எங்கோ ஏறிவிடுகிறது. அந்த மாணவர்களுக்கு முகவரி யார் கொடுப்பது, பழைய முகவரிக்கு வரும் கடிதத்தை யார் திருப்பி அனுப்புவது என்று அந்தச் சட்டத்தோடு ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டாமா?

நம் ஊருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது புதுவைப் பல்கலைக்கழகம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. அதன் கிளை வளாகங்கள் காரைக்காலிலும் அந்தமானிலும் உள்ளன. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன் செயற்கைக்கோள்தான் வழி. ஒரே பல்கலைக்கழகம், ஆனால் ஒரு வளாகத்துக்கு அகலமான சாலை, இன்னொன்றுக்கு ஒற்றையடிப் பாதை. இந்த வித்தியாசம் கலிபோர்னியாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வளாகத்தில் நடமாடுகிறவருக்குத்தான் தெரியும். திட்டம் உள்ளூரில் போடப்பட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண். கடலோரக் குப்பத்துப் பிள்ளை. வீட்டில் முதல் பட்டதாரி. பிறகு முனைவர் பட்டமும் வாங்கினாள். அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் தொடர்பு முகவரி என்று அச்சாகியிருப்பது அவள் படித்த நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இடம் போதவில்லை என்று பழைய மாணவர்களின் கணக்குகளை மூடினார்கள். முன்னறிவிப்பையும் அந்த முகவரிக்கே அனுப்பினார்கள். வேலை தேடும் அலைச்சலில் அவள் அதைப் பார்க்கவில்லை. திறக்கப் போனபோது பெட்டி இல்லை. வழிகாட்டியோடு நடந்த நான்கு ஆண்டுக் கடிதங்கள், தரவுகள், விண்ணப்பங்கள் எல்லாம் அதோடு போயின. அவள் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கிருந்தோ ஒருவர் எழுதினால் அந்தக் கடிதம் இன்றும் திரும்பித்தான் போகும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நாலு முகவரி இருக்கும், சொல்லிக்கொடுக்க அண்ணன் இருப்பான், பேக்கப் எடுத்துத் தர மாமா இருப்பார். முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக முகவரிதான் உலகத்துக்கு அவள் காட்டும் அடையாளம். கணக்குப் போடாத இடத்தில் வெறும் தட்டோடு நின்றது அந்தக் கடைசி வரிசைப் பிள்ளை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"சொந்த சர்வர் என்றால் கரண்ட் போனால் அஞ்சல் போய்விடுமே?" போகாது. மின்னஞ்சல் விதியை 1982இல் எழுதியவர்கள் இதை யோசித்தே எழுதினார்கள். பெறும் சர்வர் எழுந்திருக்கவில்லை என்றால் அனுப்பிய சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி தட்டும். குறைந்தது நான்கைந்து நாள் தட்ட வேண்டும் என்பது விதி. வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் கடிதத்தைக் கிழித்தா போடுகிறார்? மறுநாள் வருவார். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அஞ்சல் தாமதமாகும், தொலையாது.

"புயல் வந்தால்?" இதைக் கேட்க நம் பகுதிக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு. 2011 டிசம்பரில் தானே. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், மயிலத்தில் மட்டும் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அதனால்தான் மேலே கணக்கில் வேறு ஊரில் 45 டிபி என்று போட்டேன். கடலோரத்தில் ஒரு நகல் இருந்தால் இன்னொன்று உள்நாட்டில், மேட்டு நிலத்தில் இருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் வைப்பதற்குப் பெயர் பேக்கப் இல்லை.

"பாதுகாப்பு? டெல்லி எய்ம்ஸ் என்ன ஆனது?" நல்ல கேள்வி. 2022 நவம்பரில் எய்ம்ஸ் சர்வர்களைத் தாக்கிப் பூட்டினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதி வேலை பார்த்தார்கள். ஐந்து சர்வர்கள், 1.3 டிபி தகவல் பாதிக்கப்பட்டன என்றும், உள் வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதாவது வீட்டுக்குள் அறைகளுக்குக் கதவு வைக்கவில்லை. அதற்குத் தீர்வு கதவு வைப்பதா, வீட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இரவலாகத் தங்குவதா?

"பெரிய கம்பெனியிடம் இருந்தால் பத்திரம்." 2025 ஜூலையில் என்ன நடந்தது? குஜராத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, அதில் ரஷ்ய நிறுவனத்துக்குப் பங்கு இருப்பதால். உடனே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தின் அஞ்சலை நிறுத்தியது. தடை ஐரோப்பாவுடையது, ஊழியர்கள் இந்தியர்கள், ஆலை இந்தியாவில். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்ப வந்தது. அதற்குள் ரீடிஃப் அஞ்சலுக்கு மாறி வேலையை ஓட்டினார்கள். அதுவும் இலவச வாடிக்கையாளர் இல்லை, பணம் கட்டிய வாடிக்கையாளர். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தைக் கல்வி நிறுவனம் என்ற சலுகைப் பட்டியலிலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்தபோது உரிமக் கட்டணம் பத்து மடங்குக்கு மேல் ஏறும் நிலை வந்ததாக 2019இல் செர்னே எழுதியது. செர்னுக்கே இந்தக் கதி என்றால் திண்டிவனத்துக் கல்லூரி எந்த மூலைக்கு?

"சொந்த சர்வரிலிருந்து அனுப்பினால் ஜிமெயில் குப்பையில் போடுகிறதே?" இது உண்மையான சிரமம், மறைக்க மாட்டேன். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. கடிதத்தில் அனுப்புநர் முகவரி, கையெழுத்து, முத்திரை இருக்க வேண்டும் என்பது போல. ஒருமுறை சரியாகச் செய்துவிட்டுத் தொடர்ந்து கவனித்தால் போதும். கவனிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "ஆள் வேண்டும்" என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. டிஸ்க் மலிவு. ஆள்தான் செலவு. இந்த அளவு அஞ்சலைக் காக்க, முறை வைத்து இரவு பகல் பார்க்க நான்கைந்து நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் எம்சிஏ, கணினி அறிவியல் என்று பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியே அனுப்புகின்றன. அந்தப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் உலகத்துக்கே சர்வர் பார்க்கிறார்கள். படிக்க வைத்த பல்கலைக்கழகத்தின் சர்வரைப் பார்க்க ஆள் இல்லை! 1986இல் எர்நெட் தொடங்கியபோது அதில் இருந்த நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. டெலிபோன் வயரில் அஞ்சல் கொண்டுபோன காலம் அது. அன்று கையில் கருவி இல்லை, ஆள் இருந்தார். இன்று கருவி கிடைக்கிறது, பணியிடம் இல்லை.

"மத்திய அரசே ஜோஹோவிடம் கொடுத்துவிட்டதே?" கொடுத்தது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் இப்போது நம் சென்னைக் கம்பெனியின் தளத்தில் ஓடுகிறது. ஆனால் எப்படிக் கொடுத்தார்கள்? 2023இல் டெண்டர், ஏழு ஆண்டு ஒப்பந்தம், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. முகவரி அரசின் பெயரிலேயே இருக்கிறது. நான் எதிர்ப்பது வெளியே கொடுப்பதை அல்ல. எண்ணாமல் கொடுப்பதை, ஒப்பந்தம் இல்லாமல் கொடுப்பதை. எல்லாப் பல்கலைக்கழகமும் தன் அறையில்தான் சர்வர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் இல்லை. தனியாக முடியாத சிறியவை சேர்ந்து வைக்கலாம். தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010இல் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி, 1,500க்கும் மேற்பட்ட நிறுவனங்களை வேகமான கேபிளால் இணைத்திருக்கிறார்கள். சாலை போட்டாகிவிட்டது. அதில் ஓட நமக்கென்று ஒரு தபால் வண்டி விட எது தடுக்கிறது?

நம் ஊரார் இன்னொரு விதத்திலும் இதை அறிவார்கள். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. அந்த மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் வேலையும் திட்டத்தில் இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை கரை அரிக்கப்பட்டு வீடுகள் விழுந்தன. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கட்டிய பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைக்குப் பணமும் ஆளும் ஒதுக்குவதில்லை. சர்வர் விஷயமும் இதே நோய்தான்.

ஆகவே என் கோரிக்கைகள் ஐந்து. துணைவேந்தர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் இதைப் படிப்பார்கள் என்ற ஆசை எனக்கில்லை. அவர்களுக்குத் தெரிந்தவர்கள் படிப்பீர்கள்.

1. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஒருமுறை தன் அஞ்சல் கணக்கை வெளியிட வேண்டும்: எத்தனை பேர், நாளுக்கு எத்தனை அஞ்சல், உச்ச மணி நேரத்தில் எத்தனை, எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது, எத்தனை ஆண்டுக்குப் போதும். ஒரு பக்கம் போதும்.

2. அஞ்சலை யார் நடத்தினாலும் முகவரி பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பிரியும்போது எல்லா அஞ்சலையும் முழுசாக எடுத்துச் செல்லும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

3. வகுப்பு வீடியோவுக்கு ஒரு மூட்டை, அஞ்சலுக்கு வேறு மூட்டை. ஒன்று நிரம்பி மற்றதை நெரிக்கக் கூடாது.

4. படித்து முடித்தவரின் முகவரியை மூடக் கூடாது. பெட்டிக்கு இடம் இல்லை என்றால் வரும் கடிதத்தை அவர் சொல்லும் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கு இடமே வேண்டாம், பட்டியலில் ஒரு வரி போதும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஓராண்டு முன்பே போனிலும் கடிதத்திலும் சொல்லுங்கள்.

5. அஞ்சலைப் பார்க்க நிரந்தரப் பணியிடங்கள். ஒப்பந்தக்காரர் பையனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் கடவுச்சொல்லும் அவனோடு ஊர் ஊராகப் போகும்.

முதல் கேள்வி கேட்ட தம்பிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. இலவசம் என்பது விலைப்பட்டியல் இன்னும் வரவில்லை என்பதுதான். வரும்போது பேரம் பேச உன் கையில் ஓர் எண்ணாவது இருக்க வேண்டும். அந்த எண்ணைத்தான் போடச் சொல்கிறேன்.

உங்கள் கல்லூரியில், உங்கள் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்தில் இந்த ஐந்தையும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டியும் கேட்கலாம். என் கணக்கில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டுவதானாலும் எண்ணோடு திட்டுங்கள்.

ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர்,
பொம்மையார்பாளையம்.